மெரினாவின் மணலும் ராயபுரத்தின் அரிப்பும்: சென்னைத் துறைமுகத்தின் தொடக்க வரலாறு

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து கடல் அரிப்புச் செய்திகள் வரத் தொடங்கும். அலை சாலையைத் தொடும், கரையில் கொட்டிய பாறைகள் சரியும், வீடுகளின் பின்சுவர் விழும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே மெரினாவில் நிலைமை தலைகீழ். சாலையில் இறங்கித் தண்ணீரைத் தொட மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒரே கடல், ஒரே நகரம், ஒரே பருவம். ஒரு பக்கம் கரை தேய்கிறது, இன்னொரு பக்கம் வளர்ந்து கிடக்கிறது.

பலர் இதை இரண்டு தனிச் செய்திகளாகப் படிக்கிறார்கள். உண்மையில் இது ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். 1876-இல் கடலுக்குள் கட்டத் தொடங்கிய ஒரு சுவர்தான் அந்த நிகழ்வு. அந்தச் சுவர் ஏன் தேவைப்பட்டது, அதற்கு முன் இந்தக் கரையில் கப்பல் வேலை எப்படி நடந்தது, சுவர் எழுந்ததும் கடல் என்ன செய்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

## முதலில் சில சொற்கள்

1. நங்கூர வெளி: கப்பல் கரைக்கு வர முடியாத இடத்தில், கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும் திறந்த பரப்பு. மதராஸ் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு இப்படித்தான் இயங்கியது.
2. அலைத் தடுப்புச் சுவர்: கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் அல்லது கான்கிரீட் சுவர். உள்ளே இருக்கும் நீரை அமைதியாக வைத்திருப்பது இதன் வேலை.
3. கரையோர மணல் ஓட்டம்: கரையை ஒட்டி மணல் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருப்பது. இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். பின்னால் விரிவாகப் பார்ப்போம்.
4. தூண்டில் வளைவு: மணலைப் பிடித்து நிறுத்த, கரைக்குக் குறுக்கே கடலுக்குள் போடும் சிறிய கல் சுவர்.

## துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர்களிடமிருந்து மதராசப்பட்டினத்துக் கரையில் கோட்டை கட்டிக்கொள்ள உரிமை பெற்றார். மறு ஆண்டே கோட்டை வேலை தொடங்கியது. கப்பல் வணிகத்துக்காக வந்தவர்கள் கப்பல் ஒதுங்க வசதியே இல்லாத இடத்தை ஏன் பிடித்தார்கள்?

அவர்கள் தேடி வந்தது துணி. இந்தப் பகுதியில் நெசவாளர்கள் இருந்தார்கள், துணி மலிவாகக் கிடைத்தது, நாயக்கரின் நிபந்தனைகளும் சாதகமாக இருந்தன. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வலுவாக இருந்தார்கள். தெற்கே சாந்தோமில் போர்ச்சுக்கீசியர்கள் இருந்தார்கள். நடுவில் கிடைத்த இந்த மணல் திட்டுக்கு ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் வடக்காறு என்று இயற்கை அரணும் இருந்தது. வணிகக் கணக்கில் நல்ல இடம். கப்பல் கணக்கில் மோசமான இடம்.

எவ்வளவு மோசம் என்பதற்குக் கரையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மும்பை, திருகோணமலை போன்ற இடங்களில் நிலமே கடலை அணைத்து வளைந்திருக்கிறது. கப்பல் உள்ளே வந்து ஒதுங்கலாம். கல்கத்தாவுக்கு ஹூக்ளி ஆறு இருந்தது. சென்னைக் கரையோ வடக்கு தெற்காகக் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. வளைகுடா இல்லை, மறைப்பாகத் தீவு இல்லை. கூவத்தின் முகத்துவாரத்தை ஆண்டின் பெரும்பகுதி மணல் அடைத்துக்கொள்ளும். கடல் ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் ஏற்றத்தை நம்பிக் கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரவும் வழியில்லை.

ஆக, கப்பல்கள் கரையிலிருந்து ஒன்று, இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டன. நடுவில் இருந்தது அலை உடையும் பகுதி. ஐரோப்பியக் கப்பலின் சொந்தப் படகு அதற்குள் நுழைந்தால் கவிழும், இல்லையென்றால் மணலில் மோதிப் பிளக்கும். அங்கிருந்து நகரத்தை எடுத்துக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையின் மக்கள்.

## அலையைக் கடந்தவர்கள்

மதராஸ் என்ற நகரத்தின் ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு ஆளுநரும் இரண்டு மிதவைகளின் வழியாகத்தான் கரையேறினார்கள். துறைமுக வரலாறு எழுதும்போது இதை ஒரு பத்தியில் கடந்துபோகிறார்கள். இந்த மக்களின் வேலை அதைவிட அதிக இடம் பெறத் தகுந்தது.

முதலாவது மசூலா படகு. பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்காமல், தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. உள்ளே விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள் கிடையாது. பார்த்தால் பலவீனமாகத் தெரியும். அதன் பலமே அந்த நெகிழ்ச்சியில்தான் இருந்தது. ஆணி அடித்த விறைப்பான படகு அலையில் தூக்கி மணலில் மோதப்பட்டால் மூட்டு விட்டுப்போகும். தைத்த படகு அந்த அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். கயிறு தளர்ந்தால் அவிழ்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். இந்தக் கரைக்கென்றே பல தலைமுறை அனுபவத்தில் கண்டுபிடித்த பொறியியல் அது.

பத்துப் பேர் அளவில் துடுப்பு போட, பின்னால் படகுத் தலைவரான தண்டல் நீண்ட துடுப்பைப் பிடித்துத் திசை பார்ப்பார். கரையிலிருந்து கிளம்பும்போது அலைகளின் வரிசையை எண்ணிக் காத்திருப்பார்கள். பெரிய அலைகள் கடந்து ஒரு சிறு இடைவெளி வரும். தண்டல் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளுவார்கள். திரும்பி வரும்போது வேலை இன்னும் கடினம். பின்னால் வரும் அலையின் முதுகில் படகை ஏற்றி, அது உடைவதற்குள் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். சற்றே பக்கவாட்டில் திரும்பினாலும் படகு உருண்டுவிடும்.

இரண்டாவது கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, அவ்வளவுதான். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். படகு இறங்க முடியாத கடலிலும் கட்டுமரம் இறங்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். தண்ணீர் புகாதபடி செய்த கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு அலைக்குள் போவார்கள். மசூலா படகில் ஐரோப்பியப் பயணிகள் வரும்போது பக்கத்திலேயே கட்டுமரங்களும் வருவதுண்டு. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றுவதற்கு.

கடல் எப்படி இருக்கிறது என்பதைக் கொடிகள் தெரிவிக்கும். ஆபத்து என்று கொடி ஏறினால் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். கப்பல் கண்ணுக்கு எதிரே நிற்கும். சரக்கு இறங்காது, ஆள் இறங்க முடியாது. வணிகர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தண்டல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் படகு மக்கள் பின்னாளில் திரண்டு வாழ்ந்த இடம் ராயபுரம். பீட்டரைத் தமிழ்க் கிறித்தவர்கள் இராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் படகுக்காரர்கள் தங்கள் கூலியிலிருந்து மகமை ஒதுக்கி எழுப்பிய கோயிலும், அதையொட்டிய ஊர்ப்பெயரும் இன்னும் இருக்கின்றன. பிற்பாடு கடல் அரித்ததும் இதே ராயபுரத்தின் கரையைத்தான்.

## கரையோரம் ஒரு நகரம் வளர்கிறது

தொடக்கத்தில் சரக்கு கோட்டையின் கடல் வாசல் வழியாக உள்ளே போனது. அலை கோட்டையின் கிழக்குச் சுவருக்கு மிக அருகில் வந்து அடித்துக்கொண்டிருந்தது. இன்று கோட்டை வாசலில் நின்று பார்த்தால் இது நம்ப முடியாததாக இருக்கும். நடுவே அகலமான சாலை, ரயில் பாதை, துறைமுக நிலம் எல்லாம் வந்துவிட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சுங்கச் சாவடி கோட்டையை விட்டு வடக்கே, இப்போது ராஜாஜி சாலை என்று சொல்லும் கடற்கரைச் சாலைக்குப் போனது. வணிகம் கூடவே நகர்ந்தது. 1788-இல் தொழில் தொடங்கிய தாமஸ் பாரியின் நிறுவனம் இருந்த மூலை இன்றைக்கும் பாரிமுனைதான். கிடங்குகள், முகவர் அலுவலகங்கள், பின்னர் வங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்த முகத்தோடு வரிசையாக எழுந்தன. கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கும் இந்த வட்டாரத்திலேயே இடம் மாறியது. 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் கூரையில் இருந்தது. 1844-இல் தனித் தூணுக்குப் போனது. 1894-இல் உயர்நீதிமன்றத்தின் கோபுரத்தில் ஏறியது.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடமும் ராயபுரம்தான். வாலாஜா ரோடு வரை ஓடியது. உள்நாட்டுச் சரக்கு ரயிலில் கடற்கரைக்கு வேகமாக வந்துசேரத் தொடங்கியது. வந்த சரக்கு கரையில் நின்றது, ஏனென்றால் கடைசி ஒன்றிரண்டு மைலுக்கு இன்னும் மசூலா படகுதான்.

மனிதர்களும் அதே வழியில்தான் போனார்கள். 1860 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் மதராசிலிருந்து கிளம்பியது. கடலையே பார்த்திராத உள்நாட்டுக் குடும்பங்களும் அந்த அலையைப் படகில் தாண்டித்தான் கப்பலேறியிருக்க வேண்டும். வேறு வழி அன்று இல்லை.

## ஏன் கட்டியே ஆகவேண்டியதாயிற்று

அன்றாட அலை ஒரு தொல்லை. புயல் பேரழிவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நங்கூர வெளியில் நிற்பது உயிரோடு விளையாடுவது. 1746-இல் லா பூர்தொன்னே தலைமையில் பிரெஞ்சுப் படை மதராசைப் பிடித்தது. அதே அக்டோபரில் அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோட்டையின் பீரங்கிகள் செய்யாததைக் காற்று ஒரு நாளில் செய்தது. ஆங்கிலக் கடற்படையும் அந்த மாதங்களில் இந்தக் கரையை விட்டு திருகோணமலைக்கோ மும்பைக்கோ போய்விடப் பார்க்கும்.

1770-இல் மதராசில் பணியாற்றிய வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு தோணித்துறைப் பாலம் கட்டலாம் என்று யோசனை சொன்னார். அது நிறைவேற ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1861-இல் இரும்புத் தூண்கள் மேல் நின்ற ஒரு நீண்ட பாலம் அலை உடையும் பகுதியைத் தாண்டிக் கடலுக்குள் நீட்டப்பட்டது. பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. கடல் எப்போதும் ஆடிக்கொண்டிருந்ததால் பெரிய கப்பல் பாலத்தோடு அணைந்து நிற்க முடியவில்லை. படகில் கொண்டுவந்து பாலத்தில் ஏற்றினார்கள். 1868, 1872 புயல்கள் பாலத்தை உடைத்துப் போட்டன.

இதற்குள் உலகம் மாறியிருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெரிதாகின. அவற்றுக்கு நேரம் பணம். கொடி இறங்கும்வரை நாள்கணக்கில் காத்திருக்க அவை தயாராக இல்லை. மும்பையும் கல்கத்தாவும் முன்னே போய்க்கொண்டிருந்தன. மதராஸ் வணிகர்களின் நெருக்கடிக்கு அரசு கடைசியில் இணங்கியது.

## 1876: கடலுக்குள் இரண்டு கைகள்

கராச்சித் துறைமுகத்தில் வேலை செய்த வில்லியம் பார்க்ஸ் திட்டம் போட்டார். 1875 டிசம்பரில் மதராசுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். மறு ஆண்டு வேலை தொடங்கியது.

திட்டம் எளிமையானது. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர்கள் கடலுக்குள் போகும். முனையில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று வளையும். நடுவில் கிழக்கைப் பார்த்து ஒரு வாயில். உள்ளே சுமார் 200 ஏக்கர் நீர்ப்பரப்பு. இயற்கை தராத வளைகுடாவைக் கான்கிரீட்டில் செய்துகொள்ளும் முயற்சி என்று சொல்லலாம். பல டன் எடையுள்ள கட்டிகளை வார்த்து, டைட்டன் எனப்பட்ட மாபெரும் பாரந்தூக்கிகளால் தூக்கி வரிசையாகக் கடலில் அடுக்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1877-இல் பர்மா, வங்காளம் பக்கமிருந்து வந்த தானியம் மதராஸ் கடற்கரையில் மலைபோல் குவிந்து கிடந்தது. பசித்தவர்கள் அதைப் பார்த்தபடி கரையில் இருந்தார்கள். அத்தனையும் படகில் இறங்கிய தானியம். துறைமுகச் சுவர் அப்போது கடலுக்குள் பாதிகூடப் போயிருக்கவில்லை.

வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று புயல் அடித்தது. சுவரில் ஏறக்குறைய அரை மைல் கடலுக்குள் சரிந்தது. இரண்டு டைட்டன்களும் கூடவே போயின. ஐந்து ஆண்டு உழைப்பு ஒரே இரவில் குலைந்தது. பிறகு வாக்குவாதம்: வாயில் கிழக்கே இருப்பது சரியா, வடகிழக்குக்குத் திருப்ப வேண்டாமா? கடைசியில் கிழக்கு வாயிலையே வைத்துக்கொண்டு மறுபடி கட்டினார்கள். 1890-களின் நடுவில் துறைமுகம் ஒரு வழியாக முழு வடிவம் பெற்றது.

வடிவம் கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை. கிழக்கு நோக்கிய வாயில் வழியே அலைகள் நேராக உள்ளே வந்தன. உள்ளே நிற்கும் கப்பல்களும் ஆடின. புயல் வரும் என்று தெரிந்தால் துறைமுகத்தை விட்டு வெளியே ஓடவேண்டிய நிலை. இதோடு, யாரும் போதிய அளவு கணக்கில் எடுக்காத இன்னொரு சக்தி மெல்ல வேலை செய்துகொண்டிருந்தது.

## மணல் எப்படி நடக்கிறது

இந்தப் பகுதியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். படிப்படியாக:

1. கடற்கரை மணல் ஒரே இடத்தில் கிடப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் அது ஓர் ஆற்றைப்போல நகர்ந்துகொண்டே இருக்கிறது.
2. அலை கரையை நேராக அடிப்பது குறைவு, பெரும்பாலும் சாய்வாகத்தான் வரும். சாய்வாக ஏறும் அலை மணலையும் சாய்வாகத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும் நீர் சரிவில் நேராக இறங்கும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் துகள் கொஞ்சம் பக்கவாட்டில் இடம் மாறிவிடுகிறது. நாள் முழுக்க, ஆண்டு முழுக்க இது நடக்கிறது.
3. சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவத்திலும் அதற்கு முன்பின் மாதங்களிலும் அலைகள் தெற்கிலிருந்து வருகின்றன. மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறி மணல் தெற்கே வரும். மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள்.
4. தெற்கிலிருந்து வரும் காலம் நீண்டது. அதனால் ஆண்டுக் கணக்கில் வரவு செலவு பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே போகிறது. அளவு ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர்.
5. இந்த ஆற்றின் குறுக்கே ஒரு சுவரை நீட்டினால், தெற்குப் பக்கம் மணல் அணை கட்டியதுபோல் தேங்கும்.
6. வடக்குப் பக்கத்துக் கரைக்கு வரவு நின்றுவிடும். ஆனால் அங்கே இருக்கும் மணலை அலை வழக்கம்போல் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். வரவில்லாமல் செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் கரைக்கு ஆனது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடக்கே கடல் திடீரென்று சீற்றம் கொள்ளவில்லை. அதே அலைதான், அதே பலம்தான். கரையைத் தாங்கிக்கொண்டிருந்த மணல் வராமல் போனது. “கடல் ஊருக்குள் வந்துவிட்டது” என்ற செய்தித் தலைப்பு இந்தக் காரணத்தை மறைத்துவிடுகிறது.

## வளர்ந்த கரையும் தேய்ந்த கரையும்

சுவர் எழுந்த சில ஆண்டுகளிலேயே தெற்கே கடற்கரை கண்முன்னே அகலமாகத் தொடங்கியது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இந்தப் புதிய மணல் விளிம்பில் 1884-இல் உலாவும் சாலை அமைத்து ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். அதற்கு முன்னால், 1842 வாக்கில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், அலைக்குக் கிட்டத்தில் நின்ற கட்டடம். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதன் வாசலிலிருந்து நீர்க்கரை எவ்வளவு தூரம் என்று பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மெரினா மணலின் சராசரி அகலம் இப்போது சுமார் 300 மீட்டர். அதில் பெரும்பகுதி துறைமுகச் சுவருக்குப் பின் வந்து சேர்ந்தது. நகரம் தன் பெரிய அழகாகக் கொண்டாடும் இடம் ஒரு கட்டுமானத்தின் பக்க விளைவு.

கூவத்துக்கும் இதில் பாதிப்பு உண்டு. அதன் முகத்துவாரம் துறைமுகத்துக்குச் சற்றே தெற்கில், மணல் தேங்கும் பகுதியிலேயே இருக்கிறது. முன்பே அடைபட்டுக் கிடந்த வாய் இன்னும் அடைபட்டது. ஆற்று நீர் கடலோடு கலந்து புதுப்படும் வாய்ப்பு குறைந்தது. கூவம் நாறுவதற்கு நகரத்தின் கழிவே முதல் காரணம். ஆனாலும் அது தேங்கி நிற்பதில் இந்த மணலுக்கும் பங்கு இருக்கிறது.

வடக்கே ராயபுரத்திலிருந்து கரை பின்வாங்கத் தொடங்கியது. அடுத்த நூறு ஆண்டுகளில் அங்கே போன கரையின் அகலம் நூற்றுக்கணக்கான மீட்டர். மீனவக் குடியிருப்புகள் வரிசை வரிசையாகப் பின்னால் தள்ளிப் போயின. கட்டுமரத்தை ஏற்றி வைக்க, வலை உலர்த்த, மீன் காயவைக்க மணல்வெளிதான் அவர்களுடைய தொழிற்சாலை. அது போனால் கடல் பக்கத்திலேயே இருந்தும் தொழில் செய்ய இடம் இல்லை.

## ஸ்பிரிங் செய்த மாற்றம்

1904-இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ரயில்வேப் பொறியாளராக இருந்தவர், ஆறுகளைக் கட்டுப்படுத்தும் வேலையில் அனுபவம் கொண்டவர். நகரும் மணல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். தெற்கே தேங்கிய மணல் சுவரின் முனையைச் சுற்றி வந்து கிழக்கு வாயிலை மேடாக்கிக்கொண்டிருந்தது. விட்டால் சில பத்தாண்டுகளில் துறைமுக வாயே அடைந்துவிடும்.

அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. சர்ச்சைக்குப் பின் தக்கவைத்துக்கொண்ட கிழக்கு வாயிலை முழுவதுமாக மூடினார். வடகிழக்கு மூலையில் புதிய வாயில் திறந்து, அதற்குக் காப்பாக ஒரு சுவரை வடக்கு நோக்கி நீட்டினார். 1911-இல் இந்த வேலை முடிந்தது. அலை நேராக உள்ளே வருவது நின்றது, மணலிடமிருந்து வாயிலும் தள்ளிப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் உள்ளே கப்பல் அணையும் மேடைகள் கட்டப்பட்டன. கப்பலிலிருந்து நேராகத் தரையில் சரக்கு இறங்கத் தொடங்கியது. கோட்டை தொடங்கி 270 ஆண்டுகள் கழித்து மதராஸ் முதன்முறையாக முழுமையான துறைமுகம் ஆனது. 1919 வரை ஸ்பிரிங் இதன் தலைவராக இருந்தார்.

அந்த அலுவலகத்தில் 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பெயர் சீனிவாச ராமானுஜன். மேலாளர் நாராயண ஐயரும் தலைவர் ஸ்பிரிங்கும் அவருடைய கணக்கின் அருமையைப் புரிந்துகொண்டு கைகொடுத்தது இந்தத் துறைமுகத்தின் பெருமைகளில் ஒன்று.

மசூலா படகுக்காரர்களுக்கு இந்த வெற்றி என்ன கொடுத்தது? கப்பல் மேடையோடு அணைந்த நாளிலிருந்து அவர்களுடைய தனித்திறமைக்குச் சந்தை சுருங்கிப்போனது. அலை எண்ணத் தெரிந்த தண்டலின் அறிவு பாரந்தூக்கிக்குத் தேவைப்படவில்லை. பலர் மீன்பிடிப்பையே முழுதாக நம்பினார்கள், பலர் துறைமுகத்துக்குள் கூலி வேலைக்குப் போனார்கள். தொழிலை எடுத்துக்கொண்ட அதே சுவர் மெதுவாக அவர்களின் கரையையும் எடுத்துக்கொண்டிருந்தது. நகரத்தை இரண்டரை நூற்றாண்டு தோளில் சுமந்து கரையேற்றியவர்களுக்கு இது நியாயமான கணக்கு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

## இன்றைய செய்திக்குத் திரும்பினால்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். தூண்டில் வளைவு ஒவ்வொன்றும் ஒரு குட்டித் துறைமுகச் சுவர்தான். தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும், தனக்கு வடக்கே போகும் வரவைக் குறைக்கும். அது நிற்கும் ஊர் தப்பிக்கும், அடுத்த ஊர் கேட்கத் தொடங்கும். “எங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும்” என்ற கோரிக்கை கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

வேறொரு வழியும் உண்டு. தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியே எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போடுவது. சுவர் நிறுத்தியதை இயந்திரம் தொடர்ந்து செய்யும். ஒரு முறை செய்துவிட்டு விடக்கூடிய வேலை இல்லை இது. துறைமுகம் இருக்கும் காலமெல்லாம், ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அந்தச் செலவைத் துறைமுகத்தின் கணக்கிலேயே முதலிலிருந்து சேர்த்திருந்தால் ராயபுரத்தின் கதை வேறாக இருந்திருக்கும். 1876-இல் அந்த எண்ணம் இல்லாததைப் புரிந்துகொள்ளலாம். மணல் நகர்வை இத்தனை காலம் கண்ணால் பார்த்த பிறகு போடும் திட்டங்களில் அது இல்லையென்றால் மன்னிக்க முடியாது.

எண்ணூரில் 2001-இல் காமராஜர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்தது. புதிய சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை தேய்கிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒடுங்கிய மணல் திட்டு. அதன் மேல் மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் ஏரிதான்.